இரண்டாம் இடம்

மாமனார் போன வருஷம்
திராட்சைத் தோட்டத்தை நூல் பிடித்து மூன்றாகப் பிரித்தார்கள்.
ஆளுக்குப் பதினோரு வரிசை.
ஒரே மண், ஒரே சரிவு,
ப்ரூத் ஆற்றிலிருந்து ஏறிவரும் ஒரே மூடுபனி.
வம்பே அங்குதான்:
ஒரே பழத்தில் எவர் ஒயின் உசத்தி?

பழைய நாட்காட்டிப்படி புத்தாண்டு பிறக்கும்
ஜனவரி இரவில், எங்கள் சமையலறையில் தீர்ப்பு.
மூத்தவர் பந்தெலிமோன்
குளிருக்குக் குழந்தையைப் பொத்துவதுபோல்
கோட்டுக்குள் புட்டியைப் பொத்திக்கொண்டு வருகிறார்.
நாத்தனார் அக்லாயா சாக்குப்பையில்.
என் கணவன் கிரிகோரே நிலவறைக்குப் போனவன்
மேலே வரும்போதே மீசை சிவந்திருக்கிறது.

நான் கொம்ராத்துக்காரி, ககாவூஸ் பெண்.
அவர்கள் ரத்தத்தில் ஒரு சொட்டும் இல்லாதவள்.
ஆகவே நடுவர்.

அக்லாயாவின் மகள் ஒதிலியா
மூன்று புட்டிக்கும் கம்பளிக் காலுறை மாட்டி
மேசைமேல் மாற்றி மாற்றி நகர்த்துகிறாள்.
காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.
எது தன் குஞ்சு என்று தெரியாத
மூன்று காக்கைகள் இப்போது எதிரே.

சாம்பல் காலுறை:
புளிப்புச் செர்ரி. நாக்கின் ஓரத்தில் பச்சைக் காம்பு.
"இதை எவன் செய்தானோ
அவனை வெந்நீர் வைக்கக்கூட அனுமதிக்கக் கூடாது"
என்கிறார் பந்தெலிமோன்.
செப்டம்பர் மழைக்கு நடுங்கி
பத்து நாள் முந்திப் பறித்தவர் அவர்தான்.
புட்டிக்குக் காலுறை போடலாம்,
அவசரத்துக்கு என்ன போடுவது?
நான் வாயைத் திறக்கவில்லை.

சிவப்புக் காலுறை:
மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது.
ரப்பர்.
ஆகஸ்டில் நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும்
காகுல் சந்தையில் பாதி விலைக்கு வாங்கினானே,
அந்தக் குழாய்.
கொஞ்சம் பொறுத்தால் பின்னால் வெந்த பிளம்,
மிளகு, அணைந்த அடுப்பின் புகை.
நல்ல ஒயின்தான்,
வந்த வழிதான் சரியில்லை.

மூன்றாவது, கிழிசல் தைத்த காலுறை.
முதலில் அது எதுவுமே சொல்லவில்லை.
விழுங்கினேன்.
சுவர்க் கடிகாரம் பதினாறு முறை அடி எடுத்து வைக்கும்வரை
வாயை விட்டுப் போகவில்லை.
வால்நட் தோலின் துவர்ப்பு, அதற்கடியில்
பெயர் தெரியாத ஏதோ இனிப்பு.
அக்லாயாவின் புருஷன் எட்டு வருஷமாய்
பாதுவாவில் சாரம் கட்டுகிறான்.
சீக்கிரம் மூடு, சீக்கிரம் வடி என்று
அதட்ட ஆளில்லாத வீட்டில்
தன் இஷ்டத்துக்குப் புளித்த ஒயின்.

ஊறுகாய்த் தர்பூசணி ஒரு துண்டு கடித்து நேரம் வாங்கினேன்.
மூன்று பேருக்கும் அப்பனின் மூக்கு.
மூன்றும் என்னைப் பார்த்து விடைத்துக்கொண்டிருந்தன.

"கிழிசல் முதல். சிவப்பு இரண்டாவது."

"நடுவரை விலைக்கு வாங்கிவிட்டார்கள்" என்று
பந்தெலிமோன் கூரையிடம் முறையிட்டார்.
அக்லாயா சிரிக்கவில்லை.
காலுறையைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு
விரல்களை ஆட்டிப் பார்த்தாள்.
பிறகு இன்னொரு கிளாஸ் ஊற்றி
எவரும் உட்காராத நாற்காலி முன்னால் வைத்தாள்.
அதை யாரும் எடுக்கவில்லை,
மீசை சிவந்தவன்கூட.

எல்லோரும் போனபின்
அடியில் மிஞ்சியதை எல்லாம் ஒரே கிளாஸில் கலந்தேன்.
பதினோரு வரிசையும் பதினோரு வரிசையும் பதினோரு வரிசையும்
சேர்ந்தால் மாமனாரின் ஒயின்
ஒரு வாய் திரும்பி வராதா என்ற நப்பாசை.
ரப்பர்தான் வந்தது.

விளக்கை அணைத்ததும் கிரிகோரே கேட்டான்:
"எது என்னுடையதென்று உனக்குத் தெரியும்தானே?"
"தெரியாது."
"சத்தியமாக?"
"சத்தியமாக."
நிம்மதியாகப் புரண்டு படுத்தான்.
இரண்டாம் இடம் வாங்கிய முதுகு
இருட்டில் எவ்வளவு அகலம்!

"வசந்தம் வந்ததும்" என்றேன் அந்த முதுகிடம்,
"அந்தக் குழாயைத் தூக்கிப் போடு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அப்புறம் கட்டில் குலுங்க ஆரம்பித்தது,
அவன் சிரிப்பில்.