எண் மட்டும் உள்ள புட்டி

"ஏன் முறைக்கிறீங்க?" என்றார்
பாலுக்குக் காசு நீட்டியவர்.
முறைக்கவில்லை.
தைராய்டு, கண்ணைப் பின்னாலிருந்து தள்ளுகிறது.

அவுட்ரம் பார்க்கில் நோர்லிஸா
அளவுகோலை எலும்பில் பொருத்தி
'இருபத்து மூன்று' என்று எழுதினாள்.
மில்லிமீட்டரில் என் கோபம்.

கண் அழுத்தக்காரர்களுக்கு இந்தச் சொட்டு
கண்ணைக் குழிய வைத்துவிடுமாம்.
அவர்கள் புகார்தான் என் வேண்டுதல்.
புட்டியில் வெறும் உப்புநீரும் இருக்கலாம்,
டாக்டருக்கும் தெரியாது.

ஏழாவது வாரம்
லாவெண்டர் தாண்டி வெளிச்சம் வருமுன்
ரயிலின் கறுப்புக் கண்ணாடியில் பார்த்தேன்.
கண் அப்படியேதான்.
இமைமயிர் மட்டும்
கல்யாணப்பெண்போல நீண்டு.

அப்போ, மருந்துதான்.

சொல்லலாமா கூடாதா என்றிருக்க
நோர்லிஸா கிட்டே குனிந்தாள்,
கண்டும் காணாததுபோல்
எழுதினாள்:
இருபத்து மூன்று.