ஆறாம் வாய்ப்பாடு

வால்டிவியாவில் ஜூன் குளிர்காலம்.
மழை பெய்வது செய்தியே இல்லை.
நின்றால்தான்
மீன் சந்தைக் கடற்சிங்கங்கள்கூடத்
தலை தூக்கிப் பார்க்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் மரத்தால் ஆனது.
என் மேற்கூரைதான் யாஸ்னாவின் தரை.
திடல் குளமாகிக் கிடக்க,
பிள்ளைகளின் கால்களையெல்லாம் அவள்
கணக்குப் பாடத்துக்குள் அவிழ்த்துவிட்டாள்.

ஆளுக்கு ஆறு குதி.
வரிசைக்கு ஏழு பேர்.
தும் தும் தும் தும் தும் தும்.
என் விறகடுப்பின் மூடி அதிரும்.
சுவரில் தென் அமெரிக்கா கோணிப்போகும்.
வாய்ப்பாடு என்று
வாய்க்குத்தானே கொடுத்தார்கள்,
காலுக்கு யார் எழுதிவைத்தது?

துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பேன்.
ஒரு நிமிடம் அடங்கும்.
அந்தப் பலகையில் என் கோபம்
சின்னச் சின்னப் பள்ளங்களாக இருக்கிறது.
எண்ணிப் பார்த்ததில்லை.

தலைமையாசிரியர் டான் எவாரிஸ்டோவுக்குக்
கடிதமும் எழுதிவைத்தேன்.
'கற்பதற்கு அமைதி வேண்டும்' என்று தொடங்கும்.
நல்ல வாக்கியம்.
இருபத்திரண்டு வருடமாக என்னிடம் இருந்தது.

எலிசெயோ, மூன்றாம் பெஞ்சு.
ஆறாறு வரை வந்து எச்சில் விழுங்குவான்.
பெஞ்சுக்கு அடியில் அவன் வலது குதிகால்
நாள் முழுக்க ஆடும்.
காலை ஆட்டாதே, காலை ஆட்டாதே.
நான் சொல்லிக்கொடுத்ததில்
அது ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம்.

அந்தச் செவ்வாய், மேலே சத்தம் ஓய்ந்ததும்
கையைக்கூடத் தூக்காமல் சொன்னான்:
"முப்பத்தாறு.
எப்பவும் அங்கேயே நிறுத்திடறாங்க.
ஏழாவது ஆள் குதிக்கறதே இல்லை, டீச்சர்."

எனக்கு அது ஒரே இரைச்சல்.
அவனுக்கு ஆறு ஆறாகக் கேட்டிருக்கிறது.

கடிதத்தோடு மாடி ஏறினேன்.
கதவுக் கண்ணாடி வழியே
தரையில் சாக்குக்கட்டிக் கோடுகள்,
குவியலாகக் கம்பளி மேலங்கிகள், வேர்த்த நெற்றிகள்.
யாரும் வாயைத் திறக்கவில்லை.
என் துடைப்பத்துக்குப் பயந்து
எண்களை உதட்டுக்குள் வைத்திருந்தார்கள்.
வரிசையின் கடைசியில் நாற்காலி.
அதில் ரயென், முழங்கால்வரை மாவுக்கட்டு.
தன் முறை வந்ததும்
பென்சிலால் நாற்காலிக் கையில் தட்டினாள்,
ஆறு தட்டு, அவ்வளவு மெதுவாக.
யாரோ அட்டையில் எழுதித் தூக்கிக் காட்டினார்கள்: 42.

கீழே அது வந்து சேர்ந்ததே இல்லை.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை.
பின்பக்கம் வெறுமையாக இருந்தது,
மாவு, ஈஸ்ட், இரண்டு மூட்டை விறகு என்று
எழுதிக்கொண்டேன்.

மறுநாளும் முப்பத்தாறு.
பிறகு அந்த இடைவெளி,
தகரத்தில் மழை மட்டும்.
எலிசெயோ என்னைப் பார்த்தான்.
நான் கரும்பலகையைப் பார்த்தேன்.
துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து
பெஞ்சின் மேல் ஏறி
என் பள்ளங்களின் மேலேயே இடித்தான்.
ஆறு.

மேலே மூச்சு இல்லை.
பிறகு யாரோ
மூலையில் சாத்தியிருந்த ஊன்றுகோலை
ரயெனிடம் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.
தக். தக்.
கனமாக, கொஞ்சம் தடுமாறி, தக்.
இன்னும் மூன்று.

நாற்பத்திரண்டோடு முடிய வேண்டிய கணக்கு
கையை மீறிவிட்டது.
"நாற்பத்தெட்டு!"
மேலிருந்தும் கத்தினார்கள், கீழிருந்தும்.
எலிசெயோ இன்னும் பெஞ்சின் மேல்தான் நின்றான்,
துடைப்பத்தைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு.

அடுப்பு மூடி கழன்று விழுந்து
உருண்டோடிக் கதவில் முட்டி நின்றது.
ஐம்பத்து நாலுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும்.
எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

குனிந்து
பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தேன்.