கால் சுற்று

பெர்கனில் வெளியே மழை பெய்வது செய்தியல்ல.
உள்ளே பெய்ததுதான்.
கீழ்வீட்டுத் தூர்லைஃப் படியேறி வந்து
தன் உட்கூரைக் கறையைக் கைப்பேசியில் காட்டினார்:
"போன வாரம் முட்டை அளவு. இப்போது டென்மார்க்."

பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன், வாயில் டார்ச்.
நட்டைக் கழற்றியதும்
மிச்சத் தண்ணீர் சட்டைக்கைக்குள் இறங்கி
அக்குள் வரை வந்து நலம் விசாரித்தது.
குழாய் நல்லதுதான்.
வாஷர்தான் காய்ந்த ஆப்பிள் தோலாய்ச் சுருண்டிருந்தது.
புதிது வாங்க அவரே ஓடினார், குடையில்லாமல்.

கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று.
அதற்கு மேல் என் கோபம் கேட்டது;
நட்டு கேட்கவில்லை.

வால்வைத் திறந்து அடியில் காகிதம் விரித்தோம்.
குளியலறைத் தரையில் இருவரும்,
ஆறிய காபியோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஒரு சொட்டு விழுந்தது.
குனிந்து பார்த்தோம்.
அவர் தலைமுடியிலிருந்து.