உறுதி

செகநாதன் அண்ணை,
சனிக்கிழமை வாக்குச்சாவடிப் பக்கம்
தலை வைச்சும் படுக்கமாட்டன் எண்டு
நேற்று என்ர கடை வாசலில நிண்டு சொன்னியள்.
கொப்பி மெசின் இரைச்சலில நான் பதில் சொல்லேல்லை.
இண்டைக்குக் கரண்ட் இல்லை.
கேளுங்கோ.

கடதாசிதானே எண்டியள்.
கையெழுத்துக் காயமுதல் கிழிச்சவங்கள் எண்டியள்.
மெய்தான்.
கோட்டடியில இருபத்தொன்பது வருசம் தட்டச்சு அடிச்சவள் நான்.
கடதாசி எவ்வளவு மெலிசெண்டு என்ர விரலுக்குத் தெரியும்.
கடதாசி இல்லாத இடத்தில என்ன நடக்குமெண்டும்
அதே விரலுக்குத் தெரியும்.

நீலச் சேட்டு, கட்டம் போட்ட சாரம்,
இடது புருவத்தில தழும்பு,
பின்னேரம் நாலரைக்குக் கூட்டிக்கொண்டு போனவை,
விசாரிச்சிட்டு விடுவம் எண்டவை.
எத்தினை தாய்மாருக்கு அடிச்சிருப்பன்!
சேட்டின்ர நிறம் மாறும். தழும்பு இடம் மாறும்.
கடைசி வரி மாறாது.
ஒருக்காப் பூமலர் அக்கா கேட்டா:
"எந்தச் சட்டத்தில கொண்டுபோனவை எண்டும் எழுதோணுமோ?"
அந்த இடத்தைப் புள்ளி புள்ளியா அடிச்சு விட்டன்.
அந்தப் புள்ளிகள்தான் அண்ணை, அண்டைய சட்டம்.

புது அரசியலமைப்பு வரைவை ஒரு கிழமையா நகல் எடுக்கிறன்.
தாள் பத்து ரூபா, இதுக்கு மட்டும் ஐஞ்சு.
எடுக்க எடுக்க வாசிச்சன்.
பிடிச்ச ஆளை ஒரு பகல் ஒரு இரவுக்குள்ள
நீதவானுக்கு முன்னால நிப்பாட்டோணும்.
ஏன் பிடிச்சதெண்டு அவன்ர மொழியில சொல்லோணும்.
வீட்டுக்காரருக்கு இடம் சொல்லோணும்.
அவசரகாலமெண்டாலும் இந்த மூண்டையும் ஒருவரும் தொடேலாது.
முப்பத்தோராம் பக்கம். மை கொஞ்சம் மங்கல்,
ஆனா வாசிக்கலாம்.

ஓட்டை இருக்கு, நான் மறைக்கேல்லை.
"சட்டத்துக்கு அமைய" எண்டு பதினேழு இடத்தில.
அந்த "அமைய"வுக்குப் பின்னால ஒரு ஜீப் நிக்குமெண்டு
எனக்கும் பயம்தான்.
நாங்கள் கேட்டது முழுக்க வரேல்லை.
வீட்டுக்குள்ள இருந்தா மட்டும் வருமோ?
பழையதுதான் மிஞ்சும்.
பழையதில என்ன கிடைச்சதெண்டு
என்ர அலுமாரியில கட்டுக்கட்டாக் கிடக்கு,
வந்து எண்ணுங்கோ.

ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது.
தொண்ணூற்றஞ்சு ஐப்பசி. மழை.
நாவற்குழிப் பாலத்தில சனம் அடிக்கு அடி நகருது.
சைக்கிளை விட்டியள், அரிசிப் பையை விட்டியள்,
புது றேடியோவை ஆற்றையோ வேலியில சாத்திப்போட்டு வந்தியள்.
பொலித்தீனில சுத்தி நெஞ்சுக்குள்ள என்ன வைச்சிருந்தியள்?

காணி உறுதி.

அண்டைக்கு அதுக்கு ஒரு றாத்தல் பாணும் தரமாட்டாங்கள்.
இருபது வருசத்தால முள்ளுக்கம்பியைச் சுருட்டேக்க
அதைத்தானே நீட்டினனீங்கள்?
என்னட்டைத்தான் நகல் எடுத்தது.
மழை ஊறின பக்கம் மூண்டு.
தாள் வேலி போடாது,
வேலி எங்க நிண்டதெண்டு சொல்லும்.

கிணத்தில பதினாறில ஒரு பங்கு,
வழி வாய்க்கால், எல்லைப் பனை
எல்லாத்துக்கும் உறுதி எழுதின சனம் நாங்கள்.
அந்தப் பதினாறில ஒண்டுக்கு முப்பது வருசம் வழக்காடியும் இருக்கிறம்.
எங்கட உடம்புக்கு, வாய்க்கு,
ராத்திரிக் கதவு தட்டுப்பட்டா
"ஆர்? எந்தச் சட்டம்?" எண்டு கேக்கிறதுக்கு
ஒரு துண்டும் எழுதி வைக்கேல்லை.

பிழை இருந்தாத் திருத்த உறுதி எழுதலாம்,
உங்களுக்குத் தெரியாததில்லை.
முடிக்காத உறுதியை எந்த நொத்தாரிசும் திருத்தேலாது.
கிழிப்பாங்களோ?
கிழிக்கிறதுக்கும் முதல் ஒண்டு இருக்கோணுமே அண்ணை.

சனிக்கிழமை காலமை ஏழு மணிக்கு
பூமலர் அக்காவை ஓட்டோவில ஏத்திக்கொண்டு போறன்.
அவவுக்குக் கண் சரியாத் தெரியாது.
"புள்ளடி போடுற இடத்தை மட்டும் தொட்டுக் காட்டு,
மிச்சம் நான் பாக்கிறன்" எண்டவ.
ஓட்டோவில இன்னும் ஒராளுக்கு இடமிருக்கு.
குடை கொண்டு வாங்கோ,
பள்ளிக்கூட முற்றத்தில இப்ப மரமில்லை.