அறவே அறக் கூடாது

பால்மாப் பேணிக்குள்ளே அறுபத்தொரு கல்லு.
பச்சை. ஒவ்வொன்றும் நாவற்பழப் பருமன்.
மேசையில் கொட்டினாள் டிலுக்சிகா.
சுண்டுக்குளியில், கல்யாணப் பந்தியில்
குனிந்தபோது அறுந்ததாம்.
பொம்பிளையின் தகப்பன் வழுக்கி விழப் போனாராம்.
ஒரு கல்லு சாம்பார் வாளிக்குள் போய்
யாரோ ஒருவரின் இலைக்கு வந்ததாம்.
அவர் கடித்தும் பார்த்தாராம்.

"இனி இது அறவே அறக் கூடாது."

மீன் தராசில் தொங்கவிட்டேன்:
நானூற்றுப் பத்துக் கிராம்.
ஒரு நடுத்தர விளைமீன்
கழுத்தில் கிடந்திருக்கிறது.

நூல் வேர்வை குடிக்கும், குடித்து உள்ளே உக்கும்.
ஆனால் இதை அறுத்தது கல்லின் வாய்.
துளை விளிம்பில் நகத்தை வைத்தேன்,
நகம் சீவுப்பட்டது.
மெருகெல்லாம் ஊர் பார்க்கிற பக்கம்;
நூல் போகிற வழியில் சவர அலகு.

சைக்கிள் கம்பியில் உப்புத்தாள் சுற்றி
அறுபத்தொரு வாய்க்கும் பல் தீட்டினேன்,
இரண்டு பக்கமும்.

தங்கூசி மடுத்தீன் தந்தது.
"பாரைக்குப் போடுறது. கழுத்துக்குக் காணும்."
குருநகரில் எல்லாருக்கும் முடிச்சுத் தெரியும்.
எது வழுகும் என்பது
வலை பொத்துகிறவர்களுக்குத்தான் தெரியும்.
எச்சில் தொட்டு இறுக்க வேண்டும்;
காய்ந்த தங்கூசி
தன் சூட்டில் தானே கருகும்.

கல்லு, முடிச்சு, கல்லு, முடிச்சு.
அறுந்தாலும் ஒன்றுதான் ஓடும்,
மற்றதெல்லாம் நிற்கும்.

இரவு யன்னல் கம்பியில் மாட்டி
ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத்
தொங்கவிட்டுப் படுத்தேன்.
விடிய ஒரு நெல்லளவு இளகியிருந்தது.
பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே
வெளிச்சம்.

வெட்டினேன்.
இந்தத் தரம் தங்கூசியை முதலில்
கதவுப் பிடியில் கட்டி இழுத்து,
இளக வேண்டியதெல்லாம் இளகிய பிறகு கோத்தேன்.
இரண்டு போத்தலுக்கும் அசையவில்லை.
நாலுக்கும் இல்லை.
ஆறு போட்டேன். யன்னல் கம்பிதான் முனகியது.

அப்போதுதான் பயம் வந்தது.

கொன்சி அக்காவின் சங்கிலி அறவில்லை.
ஆசுப்பத்திரி வீதியில்
மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர்
இழுத்தார்கள்,
இழுத்துக்கொண்டே போனார்கள்.
நல்ல சங்கிலி.
காறை எலும்புதான் இரண்டாய்ப் போனது.

கொழுக்கிக்குக் கிட்ட, தலைமயிர் மூடுகிற இடத்தில்
தங்கூசியை வெட்டி
ஒரு விரற்கடை பருத்தி நூல் வைத்தேன்.
மூன்று புரி, மெழுகு பூசி.
மூன்று போத்தலுக்கு நின்றது.
ஐந்துக்கு விட்டது.
திரும்பக் கட்டினேன், அதே அளவில்.

சொல்லாமல் கொடுத்திருக்கலாம்.
சொன்னேன்.
"ஆரும் பிடிச்சு இழுத்தா இந்த இடம் விடும்.
வருசம் ஒருக்கா வா, இதை மட்டும் மாத்தித் தாறன்."

"அறாத மாலைக்கெல்லோ காசு தாறன்?"

"கல்லெல்லாம் உன்ர கழுத்திலதான் நிக்கும்" என்று தொடங்கி,
அது பொய் என்று கண்டு,
"கழுத்து நிக்கும்" என்றேன்.

அவள் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
இருநூறு ரூபா குறைத்துத் தந்தாள்.
படலை அடித்துச் சாத்திய சத்தத்தில்
கோபம் இருந்ததா,
காற்றா தெரியாது.

பேணியை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.
கழுவக் கவிழ்த்தேன். டக்.
மூடியின் மடிப்புக்குள்ளிருந்து
அறுபத்திரண்டாவது கல்லு,
பருப்புக் காய்ந்து,
துளைக்குள் ஒரு கடுகோடு.

கடுகைக் குத்தி எடுத்துவிட்டேன்.
இதன் வாய் இன்னும் தீட்டவில்லை.