ஆள்காட்டி

வால்டெமார் என்று அழைத்தோம்.
கோடு அசையவில்லை.

மான்டெவிடியோவில் ஜூலை மாதம்.
ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று
மூன்றாம் மாடி ஜன்னலை இரவெல்லாம் உலுக்குகிறது.
பதினேழாம் படுக்கை. வயது ஐம்பத்தெட்டு.
பேருந்து ஓட்டியவர்.
பதினோரு நாளாகக் கண் திறந்துதான் இருக்கிறது,
பார்வை யார் மேலும் இறங்கவில்லை.

என் வேலை எளிது.
மண்டையில் முப்பத்திரண்டு உலோகப் பொட்டு ஒட்டுவேன்.
காதில் ஹெட்ஃபோன்.
அந்நியர் பெயர்கள் எட்டு, நடுவே அவருடையது ஒன்று,
சீட்டுக் குலுக்கிய வரிசையில் ஓடவிடுவேன்.
அந்நியப் பெயருக்கு மூளை புரண்டு படுத்துக்கொள்ளும்.
தன் பெயர் என்றால்
நொடியில் மூன்றிலொரு பங்கு கழிவதற்குள்
ஒரு மேடு எழும்,
போர்வைக்குள் யாரோ முட்டியை மடக்கியதுபோல.
அந்த மேட்டுக்காகத்தான் இத்தனை வயர்.

பழகிய குரல் வேண்டும் என்பது விதி.
தங்கை எலிடா பேசித் தந்தாள்.
வால்டெமார்.
அவள் மூக்கை உறிஞ்சியதை மட்டும் வெட்டி எடுத்தேன்.
நூற்றிருபது முறை.
கோடு, வாய்க்கால் தண்ணீர்.

"அந்தப் பேரில் அவனை எவன் கூப்பிட்டான்?" என்றார்
பணிமனை மெக்கானிக் ஓல்மார்,
மாத்தே குடுவையைக் கக்கத்தில் இடுக்கியபடி.
"வங்கிக்காரன் கூப்பிடுவான். போலீஸ்காரன் கூப்பிடுவான்.
அவன் தேரோ."

தேரோ, எங்கள் பக்கத்து ஆள்காட்டிப் பறவை.
குச்சிக் கால், சிவந்த கண்.
கால்பந்து மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போதே
தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு நடக்கும்.
கூச்சல் ஓரிடம், முட்டை வேறிடம் என்று
பொய்யனைப் பற்றிச் சொல்வார்கள் இங்கே.
ஆறாம் வகுப்பில் அரைக்கால் சட்டையோடு வந்தவனுக்கு
அந்தக் கால்களைப் பார்த்து எவனோ வைத்த பெயர்.
விட்டுப் போன மனைவியும்
தேரோ, சாவி மேஜையில் இருக்கிறது என்றுதான்
சொல்லிவிட்டுப் போனாளாம்.

எலிடாவுக்கும் தெரியும்.
"ஆஸ்பத்திரி ஆயிற்றே,
முழுப்பெயர் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன்."

ஓல்மாரை மைக் முன் உட்கார வைத்தேன்.
முதல் தடவை மேடையில் பேசுவதுபோல் சொன்னார்.
அடுத்த தடவை தொண்டை அடைத்தது.
பணிமனையில் எப்படி, அப்படி என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.
முள் சிவப்புக்குத் தாவியது.
அதையே வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்.
அந்நியர் பட்டியல் நான் எழுதியது.
அதில் ஹெபெர் என்று ஒரு பெயர்.
படுத்திருப்பவர்களுக்கு யாரோ ஒருவன்.
ஒன்பது வருஷம் ஆகிறது அவன் போய்.
அழிக்கலாம் என்று எத்தனையோ இரவு கை போயிருக்கிறது.
ஒரே இரவில் நூற்றிருபது தடவை அவன் பெயரைக் கேட்க
வேறு எந்த வேலையில் சம்பளம் தருவார்கள்?
என் தலையில் பொட்டு இல்லை.
என் மேடு எந்தத் தாளிலும் ஏறாது.

அதிகாலை நாலு பத்து.
டெல்மிரா. நிகனோர். ஹெபெர். தேரோ.
ஒரு அழைப்பில் ஒன்றும் தெரியாது.
கூட்டிக் கூட்டிச் சராசரி எடுத்தால்தான்
இரைச்சல் வடியும்.
நாற்பதாவதில் சந்தேகம்.
எழுபதில், வாய்க்காலில் கல் ஒன்று தலை காட்டியது.
நூற்றிருபதில்
உச்சந்தலைக்கு நேரே
மேடு.

அவர் எழவில்லை. விரல்கூட அசையவில்லை.
பூட்டிய வீட்டில், கதவடி வெளிச்சத்தில்
ஒரு நிழல் குறுக்கே போனது, அவ்வளவே.
இதை விழிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று
டாக்டர் எலிடாவிடம் இரண்டு தடவை சொன்னார்.
அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.
ஓல்மார் படுக்கைப் பக்கம் குனிந்தார்,
கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.
காலுறையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

படிவத்தில் 'பெயர்' என்ற கட்டத்தில் தேரோ என்று அடித்தேன்.
அடையாள அட்டையோடு பொருந்தவில்லை என்றது கணினி.

வெளியே வந்தபோது
கார் நிறுத்துமிடத்துப் புல்லில்
ஒன்று நின்று கத்திக்கொண்டிருந்தது.
முட்டை எங்கே வைத்திருக்கிறதோ.