மிச்சம்

அந்த ஆண்டு மொந்தேவிதேயோவில்
குழாய்த் தண்ணீர் உப்புக் கரித்தது.
அணை வற்றிப்போய்
கழிமுகத்து நீரைக் கலந்து விட்டார்கள்.
மாட்டேயின் கசப்பிலும் உப்பு,
வேகவைத்த உருளைக்கிழங்கிலும் உப்பு.
ஆறு லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு
மூன்று மாடி ஏறுவோம்,
பிள்ளையைச் சுமப்பதுபோல் இடுப்பில்.

வீட்டில் நாங்கள் மூவர்.
நான், பேருந்துப் பணிமனையில் கிழிந்த இருக்கைகளைத் தைப்பவள்.
என் கணவர் வில்மார், பிற்பகல் வண்டி ஓட்டுபவர்.
அவர் தங்கை நெல்டா, ரொட்டிச் சூளையில் இரவு வேலை.
அப்புறம் துவெர்க்கா.
பணிமனைக் குழிக்குள் கிரீஸ் பூசிக் கிடைத்த சாம்பல் குட்டி;
துவெர்க்கா என்றால் இங்கே நட்டு.
இப்போது பதினோரு வயது.

கேன் சொன்ன நாளுக்கு முன்பே தீர்ந்தது.
வில்மார் மார்க்கரால் கோடு போட்டார்,
சாராய பாட்டிலுக்குப் போடுவதுபோல்.
"உன் மாட்டேதான்" என்றாள் நெல்டா.
"உன் தலைமுடிதான்" என்றார் அவர்.
நான் வாயைத் திறக்கவில்லை.
இரண்டு நாள் தேநீரைக் குறைத்துக்கொண்டேன்,
கோடு இறங்குவது நிற்கவில்லை.

ஒரு ஞாயிறு, சூப்புக்கு நடுவில் நெல்டா
திருட்டை ஒப்புக்கொள்பவளைப்போல் சொன்னாள்:
"பூனைக்கு மட்டும் கேன் தண்ணி வைக்கிறேன். காலியாக இருக்கே, பாவம்."
"நானும்தான்" என்றார் வில்மார்.
நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

விடியலில் நான்.
மதியம் அவர்.
பின்னிரவில் அவள்.
ஆளுக்கொரு காலிக் கிண்ணத்தைப் பார்த்தோம்.
மூன்றையும் கூட்டிப் பார்க்க
வீட்டில் ஒருவருமில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன
பார்த்தும் பார்க்காத காரியங்கள்:
மணல் தட்டில் ஆரஞ்சுப்பழ அளவுக் கட்டிகள்.
நான் குளித்து முடிக்கும்வரை கதவோரம் காத்திருந்து
ஈரத் தரையை நக்கிய நாக்கு.
பூச்சாடிக்குள் தலை.
நன்றாகச் சாப்பிடுகிறாள், உடம்பும் வைக்கவில்லை என்று
நான் பெருமை பேசியது.
தடவினால் முதுகெலும்பு
தையல் போட்டதுபோல் விரலில் பட்டது.
தையல்காரி நான். எனக்கே பிடிபடவில்லை.

டாக்டர் எட்சார்ட் கேட்டார்,
"எவ்வளவு குடிக்கிறாள்?"
"நிறைய."
"நிறைய என்பது அளவில்லை, அம்மா."
நாலு கிலோ பூனை நாளுக்கு ஒரு தம்ளர் குடித்தாலே
ஏன் என்று கேட்க வேண்டுமாம்.
இரண்டு என்றால் காத்திருக்கவே கூடாதாம்.
சிறுநீரகமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம்,
சர்க்கரையாக இருக்கலாம்;
ரத்தம் சொல்லும், மூத்திரம் சொல்லும்.
"சாப்பாட்டை மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ
கால் தள்ளாடினாலோ
நடுராத்திரி என்று பார்க்காதீர்கள்.
ஒன்று மட்டும்,
கேனைக் காப்பாற்றப் பூனைத் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்."
வில்மார் தரையைப் பார்த்தார்.
அந்த யோசனை வரும் வழியில் அவருக்கு வந்திருந்தது.

அன்று முழுக்க அளந்தோம்.
மாவு அளக்கும் கோப்பையை நெல்டா கொண்டுவந்தாள்.
நானூற்றுப் பத்து மில்லி.
எழுதியதும் சமையலறையில் பேச்சில்லை.
காலடியில் அவள் குடிக்கும் சத்தம் மட்டும்,
சிறு பித்தான்கள் உதிர்வதுபோல.

சர்க்கரை.
காலை ஏழுக்கு ஒரு ஊசி, இரவு ஏழுக்கு ஒன்று.
முதல் நாள் என் கை நடுங்கியது;
ரெக்சினில் எத்தனை ஆயிரம் தடவை குத்தியிருப்பேன்!
தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்தேன்.
அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

மழை வந்தது. அணை நிறைந்தது.
குழாய் பழையபடி ருசியற்றுப்போக
தெருவே அதைக் குடித்துச் சிரித்தது.
கேன் வாங்குவதை விட்டுவிட்டோம்.
மார்க்கர் மட்டும் குளிர்பெட்டி மேல் இருக்கிறது,
இப்போது கோடுகள் ஒரு காகிதத்தில்:
முந்நூறு, முந்நூற்று இருபது (அன்று எல்லோரும் பயந்தோம்),
இருநூற்று நாற்பது.

இன்று காலை நூற்று எழுபது.
கிண்ணத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு
ஜன்னலில் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கிண்ணத்தில் தண்ணீர் மிச்சமிருந்தது.

நெல்டாவை எழுப்பினேன்.
வேலை முடித்து இப்போதுதான் படுத்தவள்,
திட்டிக்கொண்டே எழுந்து வந்து பார்த்தாள்.